பானையின் ஈரம்

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முத்துத்தாய் யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை. சங்கரன்கோவிலில் அவள் குடியிருந்த தெருவில் வரிசையாக விசைத்தறிக் கூடங்கள். எதிர்க்கூடத்தில் தார்க்குச்சிகளில் நூல் சுற்றப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை நூல் மூட்டைகளுக்கு நடுவே கிடத்திவிட்டு வேலை பார்ப்பார்கள். ஒருநாள் ஏதோ கேட்பதற்காக உள்ளே போன முத்துத்தாய், ஓடுகிற பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பிள்ளை உட்கார்ந்து அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, "எங்கிட்ட குடுத்துட்டு வேலையப் பாருங்கட்டி. நான் வீட்டுல சும்மாதான இருக்கேன்" என்றாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயது. ஒரே மகளைக் கழுகுமலையில் கட்டிக் கொடுத்தாயிற்று. கணவன் மூக்காண்டி மார்க்கெட்டில் மூட்டை வண்டி இழுப்பவன். விடியும் முன் போனால் பொழுது சாயத்தான் வருவான். ஒன்றாக இருந்த பிள்ளை இரண்டே வருஷத்தில் ஐந்தாயிற்று. வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே அடித்து, தெருவுக்கு ஓடாமல் பார்த்துக்கொண்டாள். ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், தொட்டிலை ஆட்டுவாள். பெற்றவர்களுக்கு அவள்மேல் அத்தனை நம்பிக்கை.

அந்த ஐந்து பேரில் ஒருவன் செல்வமணி. இசக்கித்தாயின் தலைப்பிள்ளை. இசக்கித்தாய் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்; இருபது வயதுகூட ஆகவில்லை. காலையில் மகனை விட்டுவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் அவன் அழுவான், அவன் அழுதால் அவளுக்கும் அழுகை வந்துவிடும்.

1980ஆம் வருஷம் வைகாசி மாதம். வெயில் ஓட்டைப் பிளந்துகொண்டு இறங்கியது. செல்வமணிக்குப் பதினாலு மாதம். காலையில் வந்ததிலிருந்தே அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. மதியத்துக்குள் எட்டுத் தடவை. முத்துத்தாய் பதறவில்லை. பேதி போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, வயிறு காய்ந்தால் தானாக நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் அம்மை அப்படித்தான் வளர்த்தாள். அவளும் மகளை அப்படித்தான் வளர்த்தாள். அந்தத் தெருவில் எந்த வீட்டில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள்.

செல்வமணி தண்ணீருக்கு அழுதான். அவள் தோளில் போட்டுத் தட்டினாள். இறக்கி விட்டதும் மூலையிலிருந்த மண்பானையை நோக்கித் தவழ்ந்து போனான். பானைக்கு வெளியே கசிந்து நின்ற ஈரத்தில் வாயை வைத்து நக்கினான். "சீ, மண்ணுலே" என்று அவனை இழுத்து இந்தப் பக்கம் விட்டாள். மறுபடியும் போனான். மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது தடவை இழுத்தபோது அவன் அழவில்லை. பாயில் படுத்துக் கண்ணை அரைகுறையாக மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு பேதியும் போகவில்லை.

சாயங்காலம் இசக்கித்தாய் வந்தபோது, "மத்தியானத்துக்குப் பொறவு போகலட்டி. அடங்கிட்டான்" என்றுதான் முத்துத்தாய் சொன்னாள். சந்தோஷமாகவே சொன்னாள்.

மறுநாள் காலையில் பிள்ளை இறந்துபோனான்.

துட்டி வீட்டில் இசக்கித்தாயின் மாமியார் ஆறுமுகத்தாய் எல்லோர் முன்னாலும் மருமகளைக் கைநீட்டிச் சொன்னாள்: "புள்ளைக்குத் தோஷம் தட்டிட்டு. தறிக்குப் போயிட்டு வந்து குளிக்காம கொள்ளாம தூக்குனா இவ. தீட்டோட வந்து தூக்குனா பச்சப்புள்ள தாங்குமா?" இசக்கித்தாய் தலை நிமிரவே இல்லை. முத்துத்தாயும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதை நம்பினாள். இவள் குளித்துவிட்டுத் தூக்கியிருக்கலாமே என்றுகூட அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து இசக்கித்தாய்க்கு ஒரு பெண் பிறந்தது. கோமதி என்று பெயர் வைத்து, கோமு என்று கூப்பிட்டார்கள். தறியிலிருந்து வந்ததும் எவ்வளவு மழையானாலும் குளிரானாலும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அந்தப் பிள்ளையைத் தொடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் நெசவாளர் நலச் சங்கம் ஒன்று தறித்தெருவில் குழந்தைகள் காப்பகம் திறக்க முடிவு செய்தது. சங்கத்தின் செயலாளர் சங்கரசுப்பிரமணியன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் நேராக முத்துத்தாயின் வீட்டுக்கே வந்து, "ஏற்கெனவே செய்யுற வேலைதான். பாளையங்கோட்டையில பதினஞ்சு நாள் பயிற்சி. போயிட்டு வந்துட்டா நீங்கதான் பொறுப்பு" என்றார். "அஞ்சாப்புதான் படிச்சிருக்கேன், சார்." "எழுத்துக் கூட்டி வாசிப்பீங்கல்ல? போதும்."

1983 தை மாதம் பாளையங்கோட்டைக்குப் போனாள். பல ஊர்களிலிருந்தும் வந்த இருபத்திரண்டு பெண்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள்; படம் போட்டது. முத்துத்தாய் விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். பிள்ளையை யார் கொண்டுவந்து விட்டார்களோ அவர்களிடம்தான் திருப்பித் தர வேண்டும்; வேறு யார் வந்து கேட்டாலும், சொந்தக்காரர் என்றாலும், தரக் கூடாது. தூங்க வைக்க எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. உடம்பில் தழும்போ சூட்டுக் காயமோ இருந்தால் பார்க்காத மாதிரி இருக்கக் கூடாது. பெற்றவர்களிடம் கேட்க வேண்டும், மறுபடியும் இருந்தால் மேலே சொல்ல வேண்டும். பாசிமணி, புளியங்கொட்டை, பொத்தான் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. இவ்வளவையும் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாதி அவளுக்குத் தெரிந்ததுதான். புத்தகத்தில் அதைப் பார்த்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் வகுப்பெடுக்க வந்தவர் அலிமா பீவி. மேலப்பாளையத்துக்காரர், முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். கையில் ஒரு பால் டின்னோடு வந்தார்.

"பிள்ளைக்கு வயித்தால போனா எத்தன பேரு தண்ணிய நிப்பாட்டுவீங்க? மறைக்காம கையத் தூக்குங்க."

இருபத்திரண்டு கைகளும் உயர்ந்தன.

அலிமா பீவி சிரிக்கவில்லை. டின்னில் தண்ணீரை நிரப்பித் தூக்கிப் பிடித்தார். அடியில் ஓட்டை. தண்ணீர் ஒழுகியது. "இதுதான் பிள்ள. கீழ ஒழுகுது. மேல ஊத்தலன்னா என்ன ஆகும்?" ஊற்றாமலே நின்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க டின் காலியாயிற்று. "ஒழுகுறத உடனே நிறுத்த நம்மால முடியாது. ஊத்த முடியும். அவ்வளவுதான் விஷயம்."

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் கலந்து காட்டினார். ருசித்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது என்றார். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்றார். பிறகு அடையாளம் சொன்னார். நாக்கு வறளும். கண் குழியும். அழுதால் கண்ணீர் வராது.

"கடைசியில பிள்ள அழுகைய நிப்பாட்டிரும். பேதியும் நின்ன மாதிரி இருக்கும். நாம சொகமாயிட்டுன்னு நெனப்போம். அது சொகம் இல்ல. அழத் தெம்பில்ல. போறதுக்கு உள்ள தண்ணி இல்ல."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் முத்துத்தாயின் காதில் விழவில்லை. மடியில் விரிந்திருந்த புத்தகத்தில் ஒரு தாய் பிள்ளைக்குக் கரண்டியால் தண்ணீர் ஊட்டும் படம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிட எழுந்து போனார்கள். பக்கத்தில் இருந்தவள் கூப்பிட்டபோது தலையசைத்து, நீ போ என்று கைகாட்டினாள்.

டின்னைத் துடைத்துக்கொண்டிருந்த அலிமா பீவி அவளைப் பார்த்தார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

முத்துத்தாய் எழுந்து அருகில் போனாள். பானையைப் பற்றிச் சொன்னாள். மூன்று தடவை என்றாள். "அடங்கிட்டான்னு அவன் அம்மைகிட்டச் சொன்னேம்மா" என்று முடித்தாள்.

அலிமா பீவி டின்னைக் கீழே வைத்தார். அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அந்தப் பிள்ளையோட தாய்க்கு வேற பிள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. பொம்பளப் பிள்ள. ஏழு மாசம்."

"அந்தத் தாய்க்கு இந்த விஷயம் தெரியுமா?"

முத்துத்தாய் இல்லையென்று தலையாட்டினாள். அலிமா பீவி அவள் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தார்.

மாசியில் காப்பகம் திறந்தது. முதல் நாளே இசக்கித்தாய் கோமுவைக் கொண்டுவந்து விட்டாள். "உங்ககிட்ட விட்டாத்தான்க்கா எனக்கு நிம்மதி" என்றாள். முத்துத்தாய் அன்றைக்கே சொல்லிவிட நினைத்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தாள். சாயங்காலம் இசக்கித்தாய் அசந்துபோய் வந்து நின்றாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. இன்னொரு நாள் சொல்லலாம் என்று விட்டாள். வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை உப்புத் தண்ணீர் கலக்கச் சொல்லிக் கொடுத்தாள். இசக்கித்தாயின் வீட்டுக்கு மட்டும், அவள் தறிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். மாமியார் ஆறுமுகத்தாய் கேட்டுவிட்டு, "இதெல்லாம் படிச்சவுக வீட்டுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஊரில் கூட்டம் கலைந்திருந்தது. தெருவில் அங்கங்கே பேதி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கோமுவுக்கும் ஆரம்பித்தது. முத்துத்தாய் மற்றப் பிள்ளைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி, கலந்து, கோமுவை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். போகப் போகக் கொடுத்தாள். கக்கினால் சற்றுப் பொறுத்து மறுபடியும் கொடுத்தாள். தறிக்கு ஆள் அனுப்பினாள்; கூடத்தில் இசக்கித்தாயை விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை.

ஐந்தரை மணிக்கு இசக்கித்தாய் ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா குடுக்கிய?"

"தண்ணிட்டி. காலையிலருந்து வயித்தால போகுது. பயப்படாத, இவ..."

இசக்கித்தாய் பாய்ந்து வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். அது உருண்டு சுவரில் மோதியது. "செல்வமணிக்கு வந்த மாதிரியே வந்திருக்கு, நீங்க தண்ணியக் குடுத்துக்கிட்டு இருக்கியளே! எம்புள்ளையக் கொல்லப் பாக்கியளா? குடுங்க இங்கன. அத்தை கேள்விப்பட்டுக் கோயில்ல புத்துமண்ணு வாங்கப் போயிருக்காவ. நான் தூக்கிட்டுப் போறேன்."

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினாள். முத்துத்தாய் எழுந்து போய்க் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றாள். 

"இசக்கி, ஒண்ணு சொல்லுதேன். கேட்டுட்டு என்னைய அடிச்சாலும் சரி. செல்வமணிக்குத் தோஷமும் தட்டல, ஒண்ணும் தட்டல. உம்மேல ஒரு குத்தமும் இல்ல. உடம்புல தண்ணி வத்திப்போயிச் செத்தான். நாந்தான் குடுக்கல."

இசக்கித்தாய் புரியாமல் பார்த்தாள்.

"அவன் கேட்டாம்டி. அழுது அழுது கேட்டான். பானைகிட்டத் தவந்து போயி, வெளிய கசிஞ்ச ஈரத்த நக்குனான். மூணு தடவ. மூணு தடவையும் நான் இழுத்து விட்டேன். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நாந்தான். தையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இவ்வளவு நாளும் இருந்துட்டேன்."

உள்ளே ஏதோ ஒரு பிள்ளை சிணுங்கியது. தெருவில் தறிகளின் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இசக்கித்தாய் அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கோமு அவள் தோளில் கிடந்தது.

"ராத்திரியும் கேட்டான்" என்றாள். யாரிடமோ சொல்வது போலிருந்தது. "வாய வாயத் தொறந்தான். மாரத் தேடுனான். பாலும் குடுக்கக் கூடாதுன்னுட்டாவ அத்தை. நான் சேலைய இழுத்து மூடிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்பிப் படுத்தேன்க்கா."

முத்துத்தாய் அவள் எதிரே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். கோமு மிரண்டு, தானும் வீறிட்டு அழுதது. முத்துத்தாய் விரலால் அதன் கன்னத்தைத் தொட்டு இசக்கித்தாயிடம் காட்டினாள். "இங்க பாரு. கண்ணீர் வருது. அவனுக்கு வரல. இவ நல்லாருக்கா. இன்னும் நேரம் இருக்கு. குடுக்கட்டுமா?"

இசக்கித்தாய் கையை நீட்டினாள். "நான் குடுக்கேன்."

முத்துத்தாய் மீதமிருந்ததை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். முதல் கரண்டி பாதி சிந்தியது. பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாலும் கொடுத்தாள், மறுபடியும் டம்ளரை எடுத்தாள். கதவு தட்டப்பட்டது; முத்துத்தாய் திறந்தாள். ஆறுமுகத்தாய், இலையில் மடித்த புற்றுமண்ணோடு நின்றிருந்தாள். மருமகளின் கையில் டம்ளரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்னட்டி செய்யுத?" என்று கத்தினாள்.

"மண்ணப் பூசிக்கிடுங்க, அத்தை" என்றாள் இசக்கித்தாய், தலையைத் தூக்காமல். "நெத்தியிலயும் பூசுங்க, வயித்துலயும் பூசுங்க. தண்ணிய மட்டும் நிறுத்தச் சொல்லாதிய. இன்னிக்கு நான் யார் சொல்லும் கேக்கமாட்டேன்."

ஆறுமுகத்தாய் மூன்று வருஷமாக அந்தக் குரலைக் கேட்டதில்லை. குனிந்து பிள்ளைக்கு மண்ணைப் பூசிவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலையில் கோமுவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்து, நாக்கைப் பார்த்து, கொடுத்ததையே தொடர்ந்து கொடுக்கச் சொன்னார். இரண்டு நாளில் பிள்ளை தேறிவிட்டது.

மூன்றாம் நாள் இசக்கித்தாய் காப்பகத்துக்கு வந்தாள். கோமு இடுப்பில் இல்லை.

"பிள்ளைய நான் இங்கன விடலக்கா. எங்கம்மையைத் திருவேங்கடத்துலருந்து வரச்சொல்லிருக்கேன். நீங்க நல்லாப் பாப்பிய, எனக்குத் தெரியும். ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா அவன் பானைய நக்குனதுதான் எனக்குத் தெரியுது."

முத்துத்தாய் தலையை ஆட்டினாள். கோமுவின் இரண்டு சட்டைகளை மடித்துக் கொடுத்தாள்.

விஷயம் தெருவில் பரவியது. மூன்று தாய்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒருத்தி மட்டும் பிற்பாடு திரும்பி வந்தாள். முத்துத்தாய் சங்கரசுப்பிரமணியனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாளைக்கு எட்டு மணிக்குப் பிள்ளைங்க வந்துருவாங்க. கதவத் திறக்கணும்" என்றார்.

மூக்காண்டிக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "அந்தப் பய நான் வந்தா எம் மடியிலதான வந்து உக்காருவான்" என்றான். பிறகு தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனான்.

முத்துத்தாய் மறுநாள் எட்டு மணிக்குக் கதவைத் திறந்தாள்.

அதன்பிறகு நாலு வருஷம் இசக்கித்தாய் அந்த வாசலை மிதிக்கவில்லை. தெருவில் எதிரே வந்தால் தலையசைப்பாள், போய்விடுவாள். 1987 ஜூன் மாதம் ஒருநாள் மத்தியானம், பிள்ளைகளெல்லாம் உறங்கும் நேரத்தில், வந்து நின்றாள். கோமுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். பிறந்த தேதி கேட்கிறார்களாம். காப்பகத்தில் சேர்த்தபோது எழுதியது இருக்குமா என்று கேட்டாள். முத்துத்தாய் பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். தேதியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்ட இசக்கித்தாய் உடனே கிளம்பவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"அத்தை சித்திரையில தவறிட்டாவ. தெரியும்லா?"

"தெரியும்ட்டி. துட்டிக்கு வரலாமான்னு இருந்தேன். நீ எப்படி எடுத்துக்கிடுவியோன்னு..."

"சாகறதுக்கு முந்துன வாரம் அவுககிட்டச் சொன்னேன். தோஷம் இல்ல அத்தை, தண்ணிதான்னு. நான் தீட்டோட தூக்கலன்னு. சொல்லாம அவுகள விட்டுறக் கூடாதுன்னு இருந்துச்சு. சொல்லிருக்க வேண்டாமோன்னும் இருக்கு." கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். "அவுக ஒண்ணுஞ் சொல்லல. எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. பொறவு தண்ணி கேட்டாவ. குடுத்தேன்."

முத்துத்தாய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். வெயில் தெருவில் வெள்ளையாகக் கிடந்தது.

"கோமு எப்படி இருக்கா?"

"வாயாடி. எங்கம்மையவே மெரட்டுதா." இசக்கித்தாய் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாத்தான் போவா. நான் தறிக்குப் போற நாள்ல, பள்ளிக்கூடம் விட்டதும் நான் வாரவரைக்கும் செத்த நேரம் இங்கன இருக்கட்டுமாக்கா?"

முத்துத்தாய் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் உள்ளே ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது. "இருக்கட்டும்ட்டி, இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்து உள்ளே போனாள்.